மூன்று முறை தெரியும் தேவாலயம்

பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படிக்கப் போகிற பிள்ளைகள், புறப்படுவதற்கு முன் என்னைப் பார்க்க வருவதுண்டு. விசா, வங்கிக் கணக்கு, குளிருக்கு எந்தக் கோட்டு, அரிசி எங்கே கிடைக்கும் என்று எல்லாம் பேசி முடித்து, இரண்டாவது டம்ளர் டீ கைக்கு வரும்போதுதான் மனதில் கிடந்த கேள்வி வெளியே வரும். “அக்கா, சனி ஞாயிறெல்லாம் என்ன பண்ணுவீங்க? தனியா ரயில்ல போனா போர் அடிக்காதா?” அவர்கள் தனிமையைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் அவசரப்படாமல் பதில் சொல்வேன். அதையே இங்கேயும் சொல்கிறேன்.

நான் படித்தது சூரிச்சில். வார நாட்களில் தனிமை எட்டிப் பார்க்காது. வகுப்பு, ஆய்வகம், பொதுச் சமையலறையில் யாருடைய பாத்திரம் யார் கழுவுவது என்பது வரைக்கும் ஆள் சத்தம் இருந்துகொண்டே இருக்கும். வெள்ளிக்கிழமை மாலையில் விடுதி காலியாகத் தொடங்கும். உள்ளூர் மாணவர்கள் அழுக்குத் துணியை மூட்டை கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஞாயிறு இன்னும் கடினம். சுவிட்சர்லாந்தில் ஞாயிறன்று கடைகள் அடைப்பு; பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கிற கடைகள் போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு உண்டு. டீக்குப் பால் தீர்ந்துபோனால்கூட மத்திய ரயில் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். ஊரே அடங்கிக் கிடக்கும் நாளில் அங்கே மட்டும் ரொட்டி வாசனையும் கூட்டமும் இருக்கும். தலைக்கு மேலே புறப்பாட்டுப் பலகையில் ஊர்ப் பெயர்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். பால் வாங்கப் போன பிள்ளை அந்தப் பலகையை நிமிர்ந்து பார்த்தால் போதும், மீதியெல்லாம் தானாக நடக்கும்.

ஆனால் தெரியாத ஊரில், தெரியாத மொழியில், தனியாக ஒரு பெண் ரயில் ஏறுவதற்கு ஒரு தைரியம் வேண்டும் அல்லவா? அந்தத் தைரியத்தைத் தருவது அந்த நாட்டின் கால அட்டவணை. அதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்.

நிலையத்தில் ஒரு கடிகாரம் தொங்கும். வெள்ளை முகம், கறுப்பு முட்கள், எண்கள் கிடையாது. அதன் நொடி முள் மட்டும் சிவப்பு. நுனியில் ஒரு சிவப்பு வட்டம். முன்பு ரயிலுக்குப் புறப்பட அனுமதி கொடுத்த அலுவலர் கையில் தூக்கிக் காட்டிய தட்டின் வடிவம் அது. 1944-இல் ஹான்ஸ் ஹில்ஃபிகர் என்ற ரயில்வே பொறியாளர் வடிவமைத்த கடிகாரம் இது. சிவப்பு முள் சில ஆண்டுகள் கழித்துச் சேர்ந்தது. ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நில்லுங்கள். நொடி முள் ஏறக்குறைய 58 நொடிகளில் ஒரு சுற்று முடித்து, உச்சியில் வந்து நின்றுவிடும். பழுதாகிவிட்டதோ என்று தோன்றும். ஒன்றரை நொடி கழித்து நிமிட முள் ஒரு தாவு தாவும்; உடனே நொடி முள்ளும் கிளம்பும். தலைமைக் கடிகாரம் ஒன்று நிமிடத்துக்கு ஒரு முறை மின் துடிப்பு அனுப்புகிறது. அந்தத் துடிப்பு வரும்வரை எல்லாக் கடிகாரங்களும் உச்சியில் காத்திருக்கின்றன. நாடு முழுக்க ஒரே கணத்தில் நிமிடம் மாற வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது.

ரயில்களும் அப்படியே காத்திருக்கும். 1982 முதல் அங்கே முக்கிய ரயில்கள் எல்லாம் மணிக்கு ஒன்று, ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்தில் என்று ஓடுகின்றன. காலை 9.05-க்கு ஒரு ரயில் என்றால் 10.05-க்கும் உண்டு, 11.05-க்கும் உண்டு. 1987-இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். பெரிய சந்திப்பு நிலையங்களில் எல்லாத் திசை ரயில்களும் மணி முழுதாவதற்குச் சற்று முன் வந்து சேர வேண்டும். பயணிகள் மாறி ஏறியதும், மணி தாண்டிய சில நிமிடங்களில் எல்லாம் கிளம்பிவிட வேண்டும். அப்படியானால் இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே ஓடும் நேரம் ஒரு மணிக்கு உள்ளே இருந்தாக வேண்டும். சூரிச்சுக்கும் பெர்னுக்கும் நடுவே அது ஒரு மணிக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. அதனால் புதுப் பாதை போட்டார்கள். 2004 டிசம்பரில் அது 56 நிமிடம் ஆனது. 40 நிமிடமாகக் குறைத்திருந்தாலும் பயனில்லை. முன்னால் போய் நின்று, மற்ற ரயில்களுக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும். எவ்வளவு வேகம் தேவையோ அவ்வளவு வேகம் என்று கணக்குப் போட்டுத் தண்டவாளம் போட்ட இந்தப் புத்தியை நான் மனதார மதிக்கிறேன்.

தனியாகப் போகிற பெண்ணுக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்டால், எந்த ஊரில் வேண்டுமானாலும் இறங்கலாம். மலையடிவாரத்தில் ஏதோ ஒரு சிற்றூர் பிடித்துப்போய் இறங்கிவிட்டால், அடுத்த ரயில் எப்போது என்று யாரிடமும் கேட்க வேண்டாம். இறங்கிய நேரத்தோடு ஒரு மணி கூட்டிக்கொண்டால் சரி. டிக்கெட்டுக்கு ஒரு வார்த்தை: போனவுடன் அரைக்கட்டண அட்டை எடுத்துவிடுங்கள். நாள் முழுக்க எங்கும் போகலாம் என்கிற ஒருநாள் டிக்கெட்டைச் சில வாரம் முன்கூட்டியே வாங்கினால் விலை வெகுவாகக் குறையும். நிலையத்தில் தடுப்புக் கதவு கிடையாது. பரிசோதகர் வண்டிக்குள் வந்து பார்ப்பார்.

சரி, எங்கே போவது? படம் எடுத்துப் போட நூறு இடம் இருக்கிறது. நான் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். ஒரு சனிக்கிழமை, தனியாக, கொட்டார்ட் மலையைப் பழைய பாதையில் தாண்டித் தெற்கே போங்கள். ‘பழைய’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் 2016-இல் மலைக்கு அடியிலேயே ஒரு புதிய குகைப்பாதை திறந்துவிட்டார்கள். 57 கிலோமீட்டர், உலகத்திலேயே நீளமான ரயில் குகை. வேக ரயில்கள் எர்ஸ்ட்ஃபெல்ட் அருகே உள்ளே நுழைந்து, ஏறக்குறைய இருபது நிமிடம் இருட்டில் ஓடி, போடியோவில் வெளியே வருகின்றன. தலைக்கு மேலே சில இடங்களில் 2,300 மீட்டர் பாறை. தோண்டும்போது உள்ளே பாறையின் வெப்பம் 45 டிகிரி வரை இருந்தது. வேலையில் ஒன்பது பேர் உயிர் விட்டார்கள். அது பெரிய சாதனைதான். ஆனால் அதில் போகிறவர் பார்ப்பது கண்ணாடியில் தெரியும் தன் முகத்தை மட்டும்.

பழைய மலைப்பாதை மூடப்படவில்லை. சூரிச்சிலிருந்தும் பாசலிலிருந்தும் செம்பு நிற ரயில் ஒன்று அதன் வழியாகத்தான் இன்னும் போகிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும். ஒரு செமஸ்டருக்கு வந்த மாணவியிடம் காசு குறைவாக இருக்கலாம். சனிக்கிழமையில் ஒரு மணி நேரம் நிச்சயம் இருக்கும்.

ஏரிக்கரையை ஒட்டிப் போய், எர்ஸ்ட்ஃபெல்டைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து 472 மீட்டர் உயரம். மேலே பழைய குகையின் வாசலில் இருக்கும் கோஷெனென் 1,106 மீட்டர். நடுவே 630 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். இங்கேதான் ரயிலின் அடிப்படைச் சிக்கல் வருகிறது. எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரம் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. அதனால்தான் ஆயிரக்கணக்கான டன்னை ஓர் இன்ஜின் இழுக்க முடிகிறது; அதனாலேயே செங்குத்தாக ஏறவும் முடிவதில்லை, சக்கரம் வழுக்கிவிடும். கொட்டார்ட் பாதையில் ஆயிரம் மீட்டர் ஓடினால் 26, 27 மீட்டர் ஏறலாம், அவ்வளவுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 630 மீட்டர் ஏற 24 கிலோமீட்டராவது தண்டவாளம் வேண்டும். பள்ளத்தாக்கோ அதைவிடக் குட்டை. நம் கொல்லிமலைச் சாலை எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் மடிந்து மடிந்து ஏறுகிற மாதிரி ரயிலும் மடிந்து ஏறலாம்தான். ஆனால் பஸ் திரும்புகிற இடத்தில் ரயில் திரும்ப முடியாது, அதற்கு அகலமான வளைவு வேண்டும். இடுக்கான பள்ளத்தாக்கில் அதற்கு இடம் இல்லை. ஆகவே வளைவை மலைக்குள்ளேயே குடைந்து வைத்துவிட்டார்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் போனவர்கள் வேறொரு தீர்வைப் பார்த்திருப்பார்கள். அங்கே ஆயிரம் மீட்டருக்கு 80 மீட்டருக்கு மேல் ஏற்றம். அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை; இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். அந்தப் பல்சட்ட முறை ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளருடையது. அந்த மலை ரயிலின் புகழ்பெற்ற நீராவி இன்ஜின்கள் சூரிச்சிலிருந்து அரை மணித் தூரத்தில் இருக்கும் வின்டர்தூரில் செய்யப்பட்டவை. சிறு வயதில் குன்னூர் ரயிலைப் பார்த்த எனக்கு, வின்டர்தூர் என்ற பெயர்ப்பலகையை நிலையத்தில் முதலில் பார்த்தபோது தூரத்து உறவினர் வீட்டு வாசலுக்கு வந்த மாதிரி ஒரு நிம்மதி வந்தது.

கொட்டார்டுக்குத் திரும்புகிறேன். வாசென் என்றொரு சிற்றூர். ஊருக்கு நடுவே ஒரு மேட்டில் வெள்ளைச் சுவரோடு சின்னத் தேவாலயம். முதலில் அதை அண்ணாந்து பார்ப்பீர்கள். ரயில் ஒரு குகைக்குள் நுழைந்து இருட்டில் திரும்பும். உட்கார்ந்திருப்பவருக்குத் திரும்புவதே தெரியாது. வெளியே வந்தால் அதே தேவாலயம், இப்போது கண்ணுக்கு நேரே. அதோடு, ரயில் வந்த திசைக்கே திரும்பி வடக்கு நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். இன்னொரு குகை, இன்னொரு திருப்பம். மூன்றாவது முறை தேவாலயம் கீழே கிடக்கும், கோபுரத்தின் நுனி நம் காலுக்கு அடியில். சற்று முன் நாம் வந்த தண்டவாளமும் கீழே இரண்டு கோடாகத் தெரியும். உயரம் ஏறுவதை உடம்பு உணர்வதில்லை. அந்தத் தேவாலயத்தை அளவுகோலாக வைத்துத்தான் கண் கண்டுபிடிக்கிறது.

இந்த இடத்தில்தான் தனியாகப் போகச் சொல்வதற்கான காரணம் இருக்கிறது. நண்பர்களோடு இதே பாதையில் நானும் போயிருக்கிறேன். பேச்சும் சிரிப்புமாக நல்ல பயணம்தான். ஆனால் யாரோ ஒரு கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது முதல் தேவாலயம் போய்விடும், போட்டோ எடுப்பதில் இரண்டாவது போய்விடும். தனியாக இருக்கும்போது கண் ஒன்றைப் பிடித்தால் விடாது. இது ஏன் மறுபடி வருகிறது என்று மனம் கேட்கும். கேள்வி வந்துவிட்டால் தனிமைக்கு இடம் குறைந்துவிடும். வெளிநாட்டில் நம்மை வாட்டுவது ஆள் இல்லாத குறை பாதிதான். சுற்றி நடக்கிற எதுவும் நமக்குப் புரியவில்லை, எதற்கும் நாம் சொந்தமில்லை என்ற எண்ணம் மீதிப் பாதி. அந்த இரண்டாவது பாதிக்கு ரயில் ஜன்னலைப் போல மருந்து நான் பார்த்ததில்லை.

தனியாகப் போனால் ஆள் கிடைப்பதும் உண்டு. ஒரு முறை ட்சுக்கில் ஏறிய ஓர் அம்மா, எதிரே உட்கார்ந்து என்னையே சற்று நேரம் பார்த்தார். பிறகு, “பிள்ளை தமிழோ?” என்றார். ஆமாம் என்றேன். “எந்த இடம்?” திருநெல்வேலி என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “எங்கட திருநெல்வேலியோ?” யாழ்ப்பாணத்திலும் ஒரு திருநெல்வேலி உண்டு, பல்கலைக்கழகம் இருக்கும் இடமே அதுதான். இல்லை அம்மா, தமிழ்நாட்டுத் திருநெல்வேலி என்றேன். “அதுக்கென்ன” என்று பையைத் திறந்து ஒரு டப்பாவை நீட்டினார், உள்ளே வாய்ப்பன். 1983-க்குப் பிறகு வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான ஈழத் தமிழர்களில் அவரும் ஒருவர். உணவக அடுக்களையில் பாத்திரம் கழுவுவதில் தொடங்கியதாகச் சொன்னார். மலையைக் காட்டி, இந்தப் பாதையில் அடிக்கடி வருவீர்களா என்று கேட்டேன். “இப்ப மகளிட்டப் போகேக்க வாறனான். அந்த நாளில எங்களுக்கு யன்னல் பார்க்க நேரம் ஏது பிள்ளை? வேலைக்குப் போற ரயில், வேலையால வாற ரயில், ரெண்டும் இருட்டிலதான்.”

அவர் சொன்னதைக் கேட்ட பிறகு கோஷெனென் குகைக்குள் நுழைந்தது எனக்கு வேறு மாதிரி இருந்தது. 15 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பழைய குகையைத் தோண்டியவர்களும் பிழைப்புக்காக நாடு விட்டு வந்தவர்கள். 1872-இல் வேலை தொடங்கியது. பெரும்பாலும் வட இத்தாலியின் ஏழைக் கிராமங்களிலிருந்து வந்த இளைஞர்கள். நம் பிள்ளைகளின் வயதுதான் பலருக்கு. காற்றழுத்தத்தில் ஓடும் துளைக்கருவியால் பாறையில் ஓட்டை போட்டு, டைனமைட் வைத்துப் பிளந்து, புகை அடங்குமுன் உள்ளே போய்க் கல்லை அள்ள வேண்டும். உள்ளே 30 டிகிரிக்கு மேல் சூடு, காலுக்குக் கீழே தண்ணீர். வெளியே மலைக்குளிர். தங்குமிடத்தில் ஒரே படுக்கையை முறை வைத்துப் பல பேர் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவன் எழுந்து வேலைக்குப் போனால் வேலை முடிந்தவன் வந்து படுப்பான். கழிப்பிடம் இல்லாத ஈர மண்ணில் கொக்கிப்புழு பெருகி, பாதத்தின் தோல் வழியாக ஏறி, ஆட்களின் இரத்தத்தை வற்றவைத்தது. ஏன் இப்படி வெளுத்துப்போய்ச் சாகிறார்கள் என்பதை மருத்துவர்கள் புரிந்துகொண்டபோது வேலை முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டது. 1875-இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊரி மாநில நிர்வாகம் அனுப்பிய ஆட்கள் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். மொத்தத்தில் அந்தக் குகைக்குள் விபத்தில் போன உயிர்கள் மட்டும் ஏறத்தாழ 200.

ஒப்பந்தம் எடுத்தவர் ஜெனீவாவைச் சேர்ந்த லூயி ஃபாவ்ர். எட்டு ஆண்டில் முடிப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம். அந்த நெருக்கடியிலேயே 1879 ஜூலையில், குகைக்குள் வேலையைப் பார்வையிட்டபோது நெஞ்சடைத்து இறந்துபோனார். அடுத்த ஆண்டு பிப்ரவரி கடைசியில் வடக்கேயிருந்தும் தெற்கேயிருந்தும் தோண்டி வந்தவர்களுக்கு நடுவே பாறை உடைந்தது. நடுமலைக்குள் சந்தித்த இரண்டு பாதைகளுக்கும் பக்கவாட்டில் 33 சென்டிமீட்டர்தான் வித்தியாசம். துளை விழுந்ததும் தொழிலாளர்கள் முதலில் ஆளை அனுப்பவில்லை. ஒரு தகரப் பெட்டியில் ஃபாவ்ரின் படத்தை வைத்து மறுபக்கம் தள்ளினார்கள். குகையை முதலில் கடந்தது அவர் முகமாக இருக்கட்டும் என்று. தங்களைக் கசக்கிப் பிழிந்த வேலையின் தலைவனுக்கு அவர்கள் அப்படிச் செய்தார்கள். ஏன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். ஒரே இருட்டில் கிடந்து, ஒரே புகையைச் சுவாசித்தவன் என்ற கணக்கில் அவரையும் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

1882-இல் திறந்த அந்தக் குகையை இப்போது ரயில் பத்து நிமிடத்துக்குள் கடந்துவிடுகிறது. மறுபக்கம் ஐரோலோ. அறிவிப்பின் மொழி ஜெர்மனிலிருந்து இத்தாலியத்துக்கு மாறும். கல்பலகை வேய்ந்த கூரைகள் தெரியும். வடக்கே மழை, தெற்கே வெயில் என்பது அடிக்கடி நடப்பது. ஈரக் குடையோடு குகைக்குள் நுழைந்து, கண் கூசும் வெளிச்சத்தில் வெளியே வரலாம். மலை மேகத்தைத் தடுத்து ஒரு பக்கமே கொட்டவைத்துவிடுகிறது, நம் மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழைக்குச் செய்கிற அதே வேலை.

பெரும்பாலோர் பெலின்சோனாவின் கோட்டைகளுக்கோ லொகார்னோவின் ஏரிக்கோ போவார்கள். போங்கள், அழகான ஊர்கள். ஆனால் அதற்கு முன் ஐரோலோவில் ஒரு முறை இறங்குங்கள். நிலையத்துக்கு எதிரிலேயே ஒரு வெண்கலப் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. வின்சென்சோ வேலா என்ற டிச்சினோ மாநிலத்துச் சிற்பி, குகை திறந்த காலத்தில், யாரும் கேட்காமல் தானாகவே செய்தது. தளபதியோ அமைச்சரோ அதில் இல்லை. தூக்குப்படுக்கையில் இறந்த தொழிலாளி ஒருவனைத் தோழர்கள் சுமந்து வருகிறார்கள். வேலா வாழ்ந்த காலத்தில் அது சுண்ணச் சாந்து உருவமாகவே இருந்தது. குகை திறந்து 50 ஆண்டுகள் கழித்து, 1932-இல்தான் வெண்கலத்தில் அங்கே வைத்தார்கள். கிட்டப் போய்ப் பாருங்கள். முன்னால் சுமப்பவரின் முழங்கால் மடிந்திருக்கும் விதத்தில் பாரம் தெரியும்.

“அங்க இறங்கிட்டா அடுத்த ரயிலுக்கு என்ன பண்றது அக்கா?” என்று கேட்பார்கள். ஒரு மணி நேரத்தில் வரும். கட்டுச் சாதம் எடுத்துப் போயிருந்தால் நிலையத்து பெஞ்சிலேயே உட்கார்ந்து சாப்பிடலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எலுமிச்சம் சாதம் ஆறினாலும் ருசி கெடாது. குளிர்காலமாக இருந்தால் கையுறையை மறக்காதீர்கள், அங்கே 1,141 மீட்டர் உயரம். திரும்பி வரும்போது அவசரமிருந்தால் பெலின்சோனாவில் வேக ரயில் பிடித்து அடிக்குகை வழியாக வந்துவிடுங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் சூரிச்சில் இருக்கலாம், பாலும் வாங்கிக்கொள்ளலாம்.